ரெண்டாவது பட்டன்

"என் சீட்டைத் தொடச் சொன்னது யாரு?"

வொர்க்‌ஷாப்பே திரும்பிப் பார்த்தது. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு, அந்த வெள்ளைத்தலைக்காரர் கத்து கத்துன்னு கத்தினார்.

கார் ரிப்பேருக்கு வர்றவங்க புகாரை எழுதி வாங்குறது என் வேலை. திட்டு வாங்குறதும் அதுல சேர்த்திதான். ஆனா இவர் தனி ரகம். ஒரே வருஷத்துல மூணாவது பேட்டரி! ஓடாத வண்டிக்குப் பேட்டரி போகும், ஒத்துக்கிறேன். அதுக்காக நாலு மாசத்துக்கு ஒண்ணா? கேட்டா, "தெரியலம்மா"ம்பார். அவர் கார்டுல சிவப்புப் பேனாவால ஒரு நட்சத்திரம் போட்டு வெச்சிருந்தேன். தொல்லை பிடிச்ச ஆளுன்னு எங்களுக்குள்ள ஒரு அடையாளம்.

"சீட்டை யாரும் தொடலை சார். பேட்டரியைத்தான் மாத்தினோம்."

"ரெண்டை அழுத்துறேன், அசைய மாட்டேங்குதே!"

அவர் கார் கதவுல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பட்டன் இருக்கும். ஓட்டுறவங்க ஒவ்வொருத்தரும் உட்கார்ற அளவை ஒவ்வொண்ணுல பதிஞ்சு வெச்சுக்கலாம். அழுத்தினா சீட்டு தானா நகர்ந்து அந்த அளவுக்கு வந்து நிக்கும்.

பேட்டரியைக் கழட்டினா அந்தப் பதிவு போயிடும். அதனால கழட்டும்போது இன்னொரு பேட்டரியை ஒயர்ல மாட்டி வெச்சுக்கணும். முந்தின ரெண்டு தடவையும் அப்படித்தான் செஞ்சோம். இந்தத் தடவை, "அதெல்லாம் வேணாம், நேரமாகுது, சட்டுனு கழட்டுங்க"ன்னு அவசரப்படுத்தினது சாட்சாத் நானேதான்.

அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

"ஒரு சீட்டுக்குப் போய் இவ்வளவா சார்? வேணுங்கிற மாதிரி நகர்த்தி வெச்சுக்கங்களேன்."

"ஒண்ணு என்னோடது. ரெண்டு என் சம்சாரத்தோடது."

"அப்ப அம்மாவை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. உட்கார வெச்சு ஒரே நிமிஷத்துல பதிஞ்சு தர்றேன்."

அவர் சத்தம் பொசுக்குன்னு அடங்கிடுச்சு.

"கூட்டிட்டு வர முடிஞ்சா, உங்கிட்ட ஏம்மா கத்தப்போறேன்?"

கையிலிருந்த பேனாவைக் கீழே வெச்சேன்.

"பதினோரு மாசமாச்சு. காலையில கதவைத் திறந்து ரெண்டை அழுத்துவேன். சீட்டு மெதுவா முன்னாடி போகும். அவ வந்து உட்கார்ற மாதிரியே இருக்கும். நான் சுத்தி வந்து பக்கத்துல உட்கார்ந்து ரேடியோவைப் போடுவேன். எப்பவும் அவதான் ஓட்டுவா."

"எங்க சார் போவீங்க?"

"எங்க போறது? ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துட்டு இறங்கிடுவேன்."

எஞ்சினைப் போடாம தினம் ரெண்டு மணி நேரம் ரேடியோ! பேட்டரியெல்லாம் எங்கே போச்சுன்னு அப்பதான் புரிஞ்சது.

"அளவை எங்கயாவது குறிச்சு வெச்சிருக்கீங்களா சார்?"

"இல்லையே. இத்தனூண்டுதான் இருப்பா." தோளுக்குக் கீழே கையை வெச்சுக் காட்டினார். "வண்டியில பத்திரமா இருக்குன்னு நினைச்சேன். போச்சு. அதுவும் போச்சு."

எங்க எலக்ட்ரீஷியன் வண்டிக்குப் பின்னாலிருந்து வந்தார். அவருக்கு நாங்க வெச்ச பேரு உம்மணாமூஞ்சி. காலையில வணக்கம் சொன்னா சாயங்காலம்தான் பதில் வரும்.

"சார், பேட்டரியைக் கழட்டும் முன்னாடி நான் டேப் வெச்சு அளந்து வெச்சிருக்கேன். அஞ்சு நிமிஷம் பொறுங்க."

உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கிட்டார். அப்புறம் சீட்டைப் பின்னாடி தள்ளிட்டு இறங்கி, "இப்ப அழுத்துங்க"ன்னார்.

பெரியவர் ரெண்டை அழுத்தினார். சீட்டு மெதுவா முன்னாடி போச்சு. சுத்தி வந்து பக்கத்து சீட்டுல உட்கார்ந்து, காலியா இருந்த அந்த இடத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தார்.

"இதேதான் தம்பி. அச்சு அசல்!"

இறங்கி வந்து எலக்ட்ரீஷியனோட ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார். வண்டி கேட்டைத் தாண்டினதும் நான் கேட்டேன்.

"எப்ப அண்ணே அளந்தீங்க?"

"அளக்கலை. கையால உயரம் காட்டினாரே, குத்துமதிப்பா வெச்சேன்."

"அடப்பாவமே! பொய்யா?"

"நீ மட்டும்? சட்டுனு கழட்டச் சொன்னதை அவர்கிட்ட மறைச்சியே, அது என்ன?"



வண்டி போன மூணாம் நாள், கஸ்டமருக்குப் போன் போட்டுத் திருப்தியான்னு கேக்கணும். எங்க வொர்க்‌ஷாப் வழக்கம் அது. பயந்துக்கிட்டேதான் போட்டேன்.

"குறை ஏதாவது உண்டா சார்?"

"ஒண்ணும் இல்லம்மா. பத்துக்குப் பத்து போட்டுக்க." கொஞ்சம் குரலை இறக்கினார். "அந்தத் தம்பி காதுல மட்டும் போட்டுடாத. சீட்டு நாலு விரல் முன்னாடி இருக்கு. ஸ்டீயரிங்கை ஒட்டி உட்கார்ந்தா அவளுக்கு ஆகவே ஆகாது."

"ஐயோ சார், அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"எனக்காகப் பொய் சொன்ன மனுஷன்கிட்ட, தப்புன்னு எப்படிம்மா சொல்றது?"

"மறுபடி கொண்டு வாங்க சார், ஏதாவது செய்யலாம்."

"வேணாம்மா. தப்புன்னு பார்த்த உடனே தெரிஞ்சுதே! அப்ப அவ அளவு எங்கயும் போகலை, என் கண்ணுலதான் இருந்திருக்கு. நானே நாலு விரல் பின்னாடி தள்ளி, சும்மா கிடந்த மூணாவது பட்டன்ல பதிஞ்சுக்கிட்டேன்."

அப்பாடான்னு இருந்துச்சு. கார்டை இழுத்து, சிவப்பு நட்சத்திரத்தை அடிச்சுக்கிட்டே கேட்டேன்.

"அப்ப ரெண்டை அழிச்சுட்டீங்களா சார்?"

"அழிக்க மனசு வரலைம்மா. இந்தப் பதினோரு மாசத்துல, எனக்காக என் வண்டியில ஏறி உட்கார்ந்த ஒரே ஆள் அந்தத் தம்பிதானே!"