லோகநாதன் மடியில் எரிந்த சூரியன்

இருட்டிலும் உடம்புச்சூட்டை வைத்து ஆளைக் காட்டும் இருட்டுக் கண்ணாடி வீட்டுக்கு வீடு வந்த பிறகு அந்தியூர்க் காட்டுப்பன்றிகளும் தேறிவிட்டன. உடம்புச்சூடு தெரியாதபடி குளிர்ந்த சேற்றில் புரண்டு வந்து, ஊரார் நிலக்கடலை முழுவதையும் தின்று தீர்த்தன. கோகிலவாணியின் தோட்டம் ஒன்றுதான் பாக்கி.

வேட்டை உரிமம் அவள் பெயரில் இருந்தது. கணவர் லோகநாதனைக் கண்ணாடிக் கடையின் இருட்டறையில் நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாடியாக மாட்டிப் பார்த்தாள்.

"அண்ணனோட நரம்புகூடத் தெரியுமுங்க்கா" என்றார் கடைக்காரர்.

"அவரு நரம்பு எனக்கெதுக்குங்க தம்பி? சேத்துக்குள்ள இருக்கற பன்னி தெரியோணும்."

எதை மாட்டினாலும் லோகநாதன் சிவப்புப் பொம்மையாகத்தான் நின்றார். கடைசியாக, புனல் போல அசிங்கமாக இருந்த ஒன்றை மாட்டியவள் துள்ளிக் குதித்தாள். அவருடைய வேட்டி மடிப்புக்குள் ஒரு குட்டிச் சூரியன் சுருள் சுருளாக எரிந்தது.

"ஏனுங்க, மடியில என்ன?"

"ஒண்ணுமில்லியே புள்ள."

"சக்கரை வியாதிய வெச்சுட்டு சுடச்சுட ஜிலேபியா? பஸ் ஸ்டாண்டுல 'இதா வந்தர்றேன்'னு ஓடுனது இதுக்குத்தானா!"

இத்தனை துணிக்குள் ஜிலேபியைக் காட்டிய கண்ணாடி, சேற்றுக்குள் பன்றியையா விட்டுவிடும்?

"இதையே கட்டுங்க தம்பி!"

அன்றிரவு அவள் சுட்ட சூட்டில், தப்பிய பன்றிகள் பர்கூர் மலை தாண்டிக் கர்நாடகத்தில்தான் மூச்சு வாங்கினவாம். கடலை ஒரு மணி குறையாமல் வீடு வந்தது.

லோகநாதனும் பன்றிகளைப் போலவே தேறிவிட்டார். இப்போதெல்லாம் ஜிலேபியை ஐஸ் பெட்டியில் குளிரவைத்த பிறகுதான் மடியில் கட்டுகிறார்.