ஏழாவது தடவையும் தோற்றார்கள்

குகையின் கதவு திறந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு கட்டம் நகர்ந்தால் மூன்று பேரும் தப்பிவிடலாம்.

"அந்தப் பக்கம் வேணாம்மா. திரும்பி பூதத்துக்கிட்டயே போலாம்" என்றாள் மகள்.

"சரி, போலாம்" என்றாள் அம்மா.

"நான் மட்டும் இங்க நின்னு என்ன பண்றது?" என்று தாய்மாமா தன் கோடரி வீரனைத் தூக்கிப் பூதத்தின் வாய்க்கு நேரே வைத்தார்.

பல் டாக்டரான அப்பாவுக்குத் தலை சுற்றியது. சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரப்பியிருந்த அட்டைக் கட்டங்கள், பகடை, களிமண் பூதம் எல்லாமே அவர் கைப்பட உருவாக்கிய சாகச ஆட்டம். ஜெயித்தால் எல்லோரும் சேர்ந்து ஜெயிக்க வேண்டும், தோற்றாலும் அப்படித்தான். யாராவது ஒரு தடவை ஜெயித்துக் காட்டினால்தான் புது ஆட்டங்களுக்கான போட்டிக்கு அனுப்ப முடியும். நாளைக்குக் கடைசித் தேதி.

'கண்ணு தெரியலையா?' என்று கத்தவும் வழியில்லை. சோதனை ஆட்டம் நடக்கும்போது உருவாக்கியவர் வாயே திறக்கக் கூடாது. ஆடுபவர்கள் பேசுவதை அப்படியே நோட்டில் எழுதலாம், அவ்வளவுதான். அது போட்டி நடத்துபவர்களின் விதி. அடுத்தவர் வாயைத் திறக்கவைத்துவிட்டுத் தான் மட்டும் பேசியே பழகிய மனுஷனுக்கு இது பெரிய தண்டனை.

ஐந்தே நிமிடத்தில் மூன்று வீரர்களும் காலி.

இது ஏழாவது வாரம். முதலில் பூதத்துக்கு இருபது உயிர் வைத்திருந்தார். இப்போது மூன்றுதான், தும்மினாலே செத்துவிடும். பொறிகளை எடுத்துவிட்டார். மருந்துப் புட்டிகளை வாரி இறைத்தார். வெளியேறும் வழிக்குச் சிவப்பில் அம்புக்குறிகூடப் போட்டாயிற்று. அப்புறமும் எப்படித் தோற்கிறார்கள்?

அவர்கள் எழுந்து போனதும் நோட்டைப் புரட்டினார்.

மூன்றாவது வாரம். வில்லாளி: "ஆபீஸுக்குள்ள போனாலே அழுகையா வருதும்மா." வைத்தியர்: "விட்டுடும்மா. பார்த்துக்கலாம்."

வில்லாளிக்கு ஏது ஆபீஸ் என்று அன்றைக்கே குழம்பியது ஞாபகம் வந்தது. வில்லாளியாக ஆடியது மகள். வைத்தியர் அவர் மனைவி.

ஐந்தாவது வாரம். வில்லாளி: "வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்துட்டேன் மாமா." கோடரி வீரன்: "நல்ல காரியம் பண்ணே."

பக்கத்திலேயே அவருடைய கையெழுத்து: 'ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத பேச்சு. நேரம் வீண்.'

மகளைக் கூப்பிட்டார்.

"வேலையை விட்டுட்டியா?"

"ரெண்டு வாரம் ஆச்சுப்பா."

"தினமும் காலையில பையை மாட்டிக்கிட்டுப் போறியே?"

"லைப்ரரிக்கு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"உங்க எதிர்லதானேப்பா சொன்னேன். நீங்க எழுதிக்கூட வச்சுக்கிட்டீங்க."

டாக்டர் நோட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கோபப்படுவதா, மன்னிப்புக் கேட்பதா என்றே தெரியவில்லை. தனக்குத் தெரிந்த ஆட்டத்துக்கே பேச்சைத் திருப்பினார்.

"அது இருக்கட்டும். கதவு திறந்திருக்கு, ஒரே ஒரு கட்டம். அதை விட்டுட்டு எதுக்கும்மா திரும்பிப் போனீங்க? என் ஆட்டத்துல என்னதான் தப்பு?"

"ஆட்டத்துல ஒரு தப்பும் இல்லப்பா" என்றாள் மகள். "எனக்கு இன்னும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கு. ஜெயிச்சிட்டா நீங்க பேச ஆரம்பிச்சிடுவீங்களே!"