கழுவ வராத தட்டு

ஒரகடம் தொழிற்சாலைக் கேன்டீனில் மதியம் 412 பேர் கார்டு தேய்த்து நுழைந்தார்கள். கழுவ வந்தவை 411 தட்டுகள். ஐம்பத்தேழு நாளாக இப்படியே.

"எண்ணத் தெரியலன்னா வேலைய வுட்டுடும்மா," என்றார் மேனேஜர்.

"யாரோ ஒராளு சாப்பிடாமயே இருக்காவ சார்," என்றாள் தட்டு எண்ணும் இசக்கிசெல்வி.

ஐம்பத்தெட்டாம் நாள் 411 பேர்தான் நுழைந்தார்கள். வடக்கு மூலையில், இறுகிப்போன பழைய சிமென்ட் தரையில், நேற்றுவரை இல்லாத இரண்டு வெறும் பாதத் தடங்கள் பதிந்திருந்தன.

வெல்டர் தரணேந்திரன் சமணர். விழுந்து வணங்கி எழுந்தார்.

"நோன்பு முடிச்சிட்டாரு! எங்க முனிவருங்க இப்பிடித்தான் உண்ணாம இருந்து உடம்ப வுடுவாங்க. அந்த எடத்துல நிசீதிகைக் கல்லு நடுவோம்."

ஷிப்ட் ஆட்கள் எல்லோரும் கைதட்டினார்கள். இசக்கிசெல்வி தலைநிமிர்ந்து நின்றாள்.

ஷூ இல்லாமல் வந்தால் மெமோ கொடுக்கும் மேனேஜர், குனிந்து தன் ஷூவைக் கழற்றினார்.