பிஞ்சு கழிக்கும் நாள்

பங்குனி பிறந்ததும் மாதேஷ் மாந்தோப்பில் பறக்கும் இயந்திரங்களை ஏவிவிட்டான். அறுவடை வரை தங்காத பிஞ்சுக்குச் சிவப்பு விளக்கு காட்டி, அவை கிள்ளிப் போட்டுவிடும். ஒருமுறைகூடக் கணக்குத் தவறியதில்லை.

கஞ்சித் தூக்கோடு வந்த மனைவி கோமளாவின் வயிற்றுக்கு நேரே ஒன்று இறங்கி நின்றது.

"ஏங்க, இது எதுக்கு எங்கிட்ட வருது?"

"பிஞ்சத் தவிர வேற எதையும் அது பாக்காதே," என்றவனுக்குச் சட்டென உறைத்தது. "கோமளா, நீ சொல்லவேயில்லையே."

"நேத்துதான் எனக்கே தெரியும்."

அவன் முகம் மலர்வதை அவள் ஆசையோடு பார்த்தாள். அப்போது சிவப்பு விளக்கு எரிந்தது.

கோமளா வயிற்றைக் கைகளால் பொத்திக்கொண்டாள். மாதேஷ் துரட்டியால் அந்த இயந்திரத்தை அடித்து வீழ்த்தினான்.

பக்கத்து மரத்திலிருந்து இன்னொன்று மெல்ல இறங்கி வந்தது. அதிலும் சிவப்பே எரிந்தது.