பட்டப்பகலில் ஒரு கொசுவலை

மத்தியானம் ரெண்டு மணிக்கு யாராவது கொசுவலை கட்டுவாங்களா?

மருதாசலம் கட்டியிருந்தார். அதுவும் வாசல் வராந்தாவில். உள்ளே புழுக்கமாம். கட்டிலைச் சுத்தி நாலு பக்கமும் வலையை இறக்கி, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகி, நடுவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியாடி உங்க மாமாவ?" என்றாள் பக்கத்து குவார்ட்டர்ஸ் லூர்துமேரி, மகள் நான்சியிடம். "ஐதராபாத் போயிட்டு வந்ததும் மகாராஜா ஆயிட்டாரு. நெய்வேலி கொசு கடிச்சா இனிமே ஒடம்பு தாங்காது போல."

நான்சி சிரித்தாள். நிறைமாதம். சிரித்தாலே மூச்சு வாங்கியது.

"அவருக்கு உடம்பு சரியில்லன்னு சந்திரா அத்தை சொன்னாங்களேம்மா."

"ஜுரம் வந்தவன் போத்திக்கினு படுப்பான். வலைக்குள்ள குந்திக்கினு பேப்பரா படிப்பான்?"

எங்கள் பிளாக்கில் எல்டிசி என்று கம்பெனி செலவில் குடும்பத்தோடு ஊர் சுத்தப் போய்விட்டு வந்தால் ஸ்வீட் டப்பாவோடு வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். அது எழுதாத சட்டம். மருதாசலம் வீட்டிலிருந்து இந்தத் தடவை ஒரு துண்டுகூட வரவில்லை. அவர் மனைவி சந்திராவும் வேலிப் பக்கம் தலை காட்டவில்லை. கதவைப் பாதி திறந்து ரெண்டு வார்த்தை, உடனே சாத்தல்.

ஸ்வீட் போனால் போகட்டும். லூர்துமேரிக்கு எரிச்சல் மருதாசலத்தின் காரால்தான். அவள் புருஷன் மரியஜோசப்புக்கு மைன்ஸில் ஷிஃப்ட். மாப்பிள்ளை பம்பாயில். "வலி வந்தா ஒரு குரல் குடுங்க அம்மணி, நான் கொண்டு போய் விடறேனுங்க" என்று சொன்னதே இந்த மருதாசலம்தான். ஊரிலிருந்து வந்ததும் பேச்சு மாறிவிட்டது.

"அவரால ஓட்ட முடியாதுங்க்கா" என்றாள் சந்திரா, கதவிடுக்கில் நின்று. மேலே சொல்வதற்குள் லூர்துமேரி திரும்பி நடந்துவிட்டாள்.

"சீட்டுல ரத்தம் பட்டுடும்னு பயம்டி. வேற ஒண்ணுமில்ல" என்று லூர்துமேரியே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் நான்சிக்கு வலி கண்டது.

லூர்துமேரிக்குக் கோபமெல்லாம் மறந்துபோச்சு. செருப்புக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

"அண்ணே! நான்சிக்கு வலி வந்துடுச்சு! எழுந்திருங்கண்ணே!"

பதற்றத்தில் வலையைப் பிடித்துத் தூக்கப் போனாள்.

"தொடாதீங்க!" மருதாசலம் உள்ளேயிருந்து வலையின் ஓரத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். "வலையைத் தூக்காதீங்க! தள்ளிப் போங்க அம்மணி! போங்கன்னா!"

அந்த மனுஷன் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. லூர்துமேரி ஆடிப்போனாள்.

"புள்ளத்தாச்சி பொண்ணு அங்க துடிக்கிறா. ஒனக்கு கொசு பெருசாப் போச்சா? நீயெல்லாம் ஒரு மனுசனா?"

மரியாதை காற்றில் போயிருந்தது. அவர் எதிர் வீட்டைப் பார்த்து, "சிவக்குமாரு!" என்று மட்டும் கத்தினார்.

சத்தம் கேட்டு ஏற்கெனவே வெளியே வந்திருந்த சிவக்குமார், மருதாசலத்தின் காரை நேராக லூர்துமேரி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான்.

"ஏறச் சொல்லுங்கக்கா. ஊர்லேருந்து வந்த அன்னிக்கே சாவிய எங்கிட்ட குடுத்து, வலி வந்தா நீதான் ஓட்டணும்னு சொல்லிட்டாரு."

நின்று கேட்க நேரமில்லை. போய்விட்டார்கள்.

சாயங்காலம் பெண் குழந்தை. ரெண்டு உயிரும் சுகம். ஷிஃப்ட் முடித்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்த மரியஜோசப் மகளோடு இருந்துகொள்ள, துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்த லூர்துமேரி, வழியிலேயே சாக்லேட் பாக்கெட்டைப் பிரித்துவிட்டாள். பிளாக் முழுக்கக் கொடுத்துவிட்டு, கடைசியில்தான் மருதாசலம் வீட்டுக்கு வந்தாள். கேட்டுக்கு உள்ளே கால் வைக்கவில்லை.

"பேத்தி பொறந்திருக்கா. வண்டிக்கு ரொம்ப தேங்ஸ்ணே. ஆனா, நாய வெரட்டுற மாதிரி என்னை வெரட்டுனீங்க பாருங்க, அதை மட்டும் சாவுற வரைக்கும் மறக்கமாட்டேன்."

மருதாசலம் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. வலையின் ஒரு மூலையையே முறைத்துக்கொண்டிருந்தார். ரெண்டு கையையும் மெதுவாகத் தூக்கினார். தூக்கும்போதே முகம் கோணியது. பட்டென்று தட்டினார்.

"ஐயோ அம்மா!"

"ஒரு கொசு அடிக்கறதுக்கு இந்த அலறலா?" என்றாள் லூர்துமேரி.

கதவிடுக்கில் இருந்த சந்திரா இந்தத் தடவை வெளியே வந்தாள்.

"சிக்குன்குனியாங்க்கா. பகல்ல கடிக்கற கொசுவால பரவுறது. ஐதராபாத்துல ரயிலேறும்போதே காய்ச்சல். அங்க ஊரு பூரா இதானாம். ஸ்வீட் வாங்கக்கூட முடியல. பேப்பரத்தான் மடியில வெச்சுப் படிக்கறாரே ஒழிய, சோத்தை அள்ளி வாயில வைக்கக் கை எழும்பலீங்க. நான்சிக்குத் தெரிஞ்சா பயந்துக்கும், பிரசவம் முடியற வரைக்கும் மூச்சு விடாதேன்னுட்டாரு."

லூர்துமேரி சாக்லேட்டை நீட்டியபடியே நின்றாள். பிறகு கேட்டைத் திறந்துகொண்டு வராந்தா வரைக்கும் வந்தாள்.

"அதான் வந்துடுச்சேண்ணே. இன்னும் கொசு கடிச்சா என்னா, கடிக்காட்டி என்னா? அதுக்கா அப்படிக் கத்துனீங்க?"

மருதாசலம் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். நடுவில் ஒரு சொட்டு ரத்தம். இத்தனை வலியிலும் அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"காலையிலயே எப்படியோ இது ஒண்ணு உள்ள பூந்து என்னைக் கடிச்சுப்போட்டுதுங்க அம்மணி. மத்தியானம் நீங்க வலையைத் தூக்கியிருந்தீங்கன்னா, அதே வாயோட நேரா நான்சிகிட்ட வந்திருக்குமுங்க."