வெயில் போதாதவர்கள்

தூத்துக்குடி உப்பளத்தில் பேச்சிக்கனி உப்பு வாரிக்கொண்டிருந்தபோது, குழந்தைகள் நல வண்டி வரப்போரம் வந்து நின்றது. வரப்பில் கிடத்தியிருந்த அவளுடைய கைக்குழந்தையின் கையை, வண்டியில் வந்த ரத்தம் பார்க்கும் மெஷினுக்குள் வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது; ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாம். வெயில் காட்டாமல் வளர்க்கிறாளாம். அதனால் பிள்ளையை, வெயில் காட்டி வளர்க்கும் அரசு ஒளி இல்லத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் அதிகாரி அனிட்டா.

பேச்சிக்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு பொட்டு நெழலு இல்லாத அளத்துல புள்ள வளக்கேன். என்னையப் பாத்தா இந்தக் கேள்வி கேக்குதிய?"

"வெயில் போதும்மா. அந்த வைட்டமினைச் சுமக்குற புரதம் உங்க வம்சத்துக்கே ரத்தத்துல கம்மி, அதனால மெஷின்ல கொறைவாத்தான் காட்டும். அது நோயில்ல. உடம்புக்கு வேண்டியது கெடைச்சிரும்" என்று அனிட்டாவே தணிந்த குரலில் ஒப்புக்கொண்டார்.

"பெறகு எதுக்குப் புள்ளையத் தூக்குதிய?"

"மெஷினுக்கு எல்லாருக்கும் ஒரே அளவுதான். செவப்பு எரிஞ்சா எடுத்தாகணும்."

பேச்சிக்கனி உப்புப் பூத்த கையை மெஷினுக்குள் நுழைத்தாள். சிவப்பு எரிந்தது.

"என்னையும் எங்காத்தா வீட்டுக்குள்ள பூட்டித்தான் வளத்தான்னு எழுதிக்கிடுங்க!" என்று கத்திவிட்டு, பிள்ளையோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

பக்கத்துப் பாத்திகளிலிருந்த அவளுடைய அக்காக்களும் சித்தப்பா மகள்களும் வேலையைப் போட்டுவிட்டு வந்து கையை நீட்டினார்கள். சிவப்பு எரிய எரிய, வெயிலில் கருத்த பெண்கள் ஒவ்வொருவராக வண்டிக்குள் ஏறினார்கள். டிரைவருக்கே இடமில்லாமல் போயிற்று.

அனிட்டா மெஷினை அணைத்தார். "புள்ளைய எடுக்கல. எல்லாரும் எறங்குங்க."

"நாளைக்கு இன்னொரு வண்டி வரும்லா?" என்றாள் பேச்சிக்கனி. "மொதல்ல அந்த அளவ மாத்துங்க. பெறகு எறங்குதோம்."

ஒருத்தியும் இறங்கவில்லை.