போட்டார்

அமெரிக்காவின் டோலிடோ நகரில் லாரி பழுதுபார்க்கும் வெண்டெல் ப்ரூயிட் வாழ்நாளில் ஓட்டுப் போட்டதில்லை. யாருடைய பட்டியலிலும் தன் பெயர் இருக்கக் கூடாது என்பது அவன் பிடிவாதம். ஆனால் தெருவில் யார் யார் ஓட்டுப் போட்டார்கள் என்று கட்சிக்காரர்கள் அனுப்பும் கடிதத்தில், கடந்த ஆறு தேர்தலுக்கும் அவன் பெயருக்கு நேரே ‘போட்டார்’ என்று இருந்தது.

இந்தத் தேர்தலன்று காலை ஆறரைக்கே வாக்குச்சாவடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

பதிவேட்டு மேசையில் இருந்த பக்கத்து வீட்டு டோரீன் சிரித்தாள். “வந்ததுதான் வந்தே, ஒரு ஓட்டையும் போட்டுட்டுப் போயேன்.”

“என் பேர்ல வர்றவன் மூஞ்சியப் பாக்கணும். அதுக்குத்தான் வந்தேன்.”

ஒன்றுக்குப் போகக்கூட அவன் எழுந்திருக்கவில்லை. அவன் பெயரைச் சொல்லி யாரும் வரவில்லை. இரவு ஏழரைக்குக் கதவைச் சாத்திய டோரீன் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். அவன் பெயருக்கு நேரே அவனுடைய கையெழுத்து இருந்தது. மை இன்னும் காயவில்லை.

“யாருக்குப் போட்டிருக்கான்?”

“அது ரகசியம், வெண்டெல். சட்டம் அப்படி.”

அவன் அவள் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்தை அடித்தான். ‘நான் போடவில்லை’ என்று பக்கத்தில் எழுதினான். நிமிர்ந்து டோரீனைப் பார்த்துவிட்டுக் குனிந்தபோது, அதற்குக் கீழே, அவன் எழுத்திலேயே ‘போட்டேன்’ என்று இருந்தது.

வெண்டெல் அதையும் அடித்தான். டோரீன் விளக்குகளை அணைக்கத் தொடங்கினாள். அவன் பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.